கண்மாய்க்குள் ஒரு கதண்டு

எனக்கு ஒத்தக்கடையில் காயில் கட்டும் கடை. மேலூரில் இருந்து ஒரு டீச்சர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் வந்திருந்தது. காயில் கட்டி முடித்து நானே கொண்டுபோய் மாட்டினேன். ஸ்டார்ட்டர் பெட்டி வரை ஒயர் பற்றவில்லை. "பரண்ல பழைய ஒயர் கெடக்கும், ஏறிப் பாருங்க தம்பி" என்றார் டீச்சர். ஏணி போட்டு ஏறினேன். ஒயர் சுருளுக்குப் பக்கத்தில் செய்தித்தாள் போட்டு மூடிய ஒரு அட்டைப்பெட்டி. தாளை விலக்கியதும் மூடியில் ஒரு படம், புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாயும் கறுப்பு பக்கி கார். டாமியா ஹார்னெட் என்ற ரிமோட் வண்டி.

ஏணியில் நின்றபடியே மூடியைத் திறந்துவிட்டேன். கேட்காமல் திறந்தது தப்புதான். உள்ளே வண்டி முழுசாக இருந்தது. ஓட்டுநர் பொம்மைகூட ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தது.

ஹார்னெட் என்றால் நம் ஊர்க் கதண்டு. பனைமரத்தில் கூடு கட்டிவிட்டால் ஊரே அந்தப் பக்கம் போகாதே, அதே கதண்டுதான். ஜப்பானில் ஷிசுவோகா ஊரைச் சேர்ந்த டாமியா கம்பெனி 1984-ல் இந்த வண்டியை விற்பனைக்கு விட்டது. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. மண்ணிலும் மேடு பள்ளத்திலும் ஓடுவதற்கென்றே செய்த மின்சார ரிமோட் பக்கி. அதே ஆண்டு வந்த கிராஸ்ஹாப்பர் என்ற தம்பி வண்டியும் இதுவும் ஒரே அடித்தட்டில் நிற்பவை. கிராஸ்ஹாப்பருக்குச் சின்ன 380 மோட்டார், ஹார்னெட்டுக்குப் பெரிய 540. முக்கியமான விஷயம், இது பெட்டியைப் பிரித்ததும் ஓட்டுகிற பொம்மை இல்லை. பாகம் பாகமாகத்தான் வரும். வாங்கியவர் உட்கார்ந்து, படம் பார்த்து, ஒவ்வொரு ஸ்குரூவாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதனால் பழைய ஹார்னெட் ஒன்றைப் பிரித்தால் அதைச் சேர்த்தவருடைய கைப்பழக்கம் அப்படியே தெரியும். எனக்கு இந்த வண்டிகள் மீது ஆசை வந்ததற்கே அதுதான் காரணம்.

டீச்சரின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். விடுமுறைக்கு வந்தபோது மகனுக்காக வாங்கி வந்து, இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் சேர்த்தாராம். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். "விலைக்குத் தருவீங்களாம்மா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, மோட்டார் கூலியை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். மகனிடம் கேட்டாராம், அவன் சரி என்றுவிட்டானாம். நான் நாலாயிரம் சொன்னேன். "மூவாயிரம் போதும். ஆனா ஓடுனா எனக்கு ஒரு தடவை காட்டணும்" என்றார். அந்தப் பேச்சோடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெட்டியைக் கடை மேசையில் கொட்டிக் கணக்குப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டி, இரட்டைக் குச்சி ரிமோட், ஆறு செல் பேட்டரிக் கட்டு, சிங்கப்பூர் மூன்று முனைச் சதுர பிளக் வைத்த சார்ஜர், ஓரம் கரையான் அரித்த செய்முறைப் புத்தகம். பின் டயர்கள் கல்லாக இறுகி, நகம் பட்டால் பொடி உதிர்ந்தன. மேல்கூட்டின் முன்பக்கம் இடது ஓரத்தில் இரண்டு அங்குல விரிசல். அடித்தட்டில் முன் சஸ்பென்ஷன் கை சேரும் இடத்தில் இன்னொரு விரிசல். பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் நகரவே இல்லை.

என்ன செய்வது, எதைத் தொடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். ஓட விடாமல் தடுப்பதை மட்டும் மாற்றுவது, மற்றதெல்லாம் அவர் விட்டபடியே இருக்கட்டும். புது வண்டி மாதிரி பளபளப்பாக்கி அலமாரியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. டாமியா 2004-ல் இதே ஹார்னெட்டை மறுபடி வெளியிட்டது. பளபளப்பு வேண்டும் என்றால் அதை வாங்கிக்கொள்ளலாமே.

முதலில் ரிமோட். பின்மூடி கழன்றதும் ஒரே உப்பு. பென்சில் செல்களை உள்ளேயே விட்டுவிட்டிருக்கிறார்கள், ஸ்பிரிங் எல்லாம் அரித்துப்போயிருந்தது. செல் கசிவு என்றதும் வினிகரைத் தேடி ஓடாதீர்கள். அது ஆல்கலைன் செல்லுக்குத்தான் சரி, அதன் கசிவு காரம். இதில் இருந்தவை பழைய கார்பன்-துத்தநாகச் செல்கள். அவற்றின் கசிவு அமிலத் தன்மை கொண்டது, வினிகர் விட்டால் அரிப்போடு அரிப்பு சேரும். அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நுரைத்து அடங்கியதும் துடைத்துக் காய வைத்தேன். அத்தனை செய்தும் உள்ளே சர்க்யூட் பலகையின் செப்புக் கோடுகள் பாதி கரைந்திருந்தன. 27 மெகாஹெர்ட்ஸ் ஏஎம் ரேடியோ அது. ஜோடிக் கிறிஸ்டல் போட்டு வேலை செய்யும் பழைய முறை. அதைப் பிழைக்க வைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டேன். பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது.

அடுத்து ஸ்குரூக்கள். இங்கேதான் நிறையப் பேர் பழைய ஜப்பான் சாமான்களைக் கெடுக்கிறார்கள். பார்க்க ஸ்டார் ஸ்குரூ மாதிரிதான் இருக்கும், ஆனால் நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் ஸ்டார் டிரைவர் அதற்கானது இல்லை. ஜப்பான் தரத்தில் செய்த ஸ்குரூவின் குழி வடிவம் வேறு. பிலிப்ஸ் முனை அடிவரை உட்காராமல் மேலேயே நிற்கும், அழுத்தித் திருப்பினால் நழுவி மேலே வந்து குழியை வழித்துவிடும். முதல் ஸ்குரூவிலேயே அது நழுவுவது கைக்குத் தெரிந்தது, நிறுத்திவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணன் பைக் பட்டறை வைத்திருக்கிறார். இண்ட்-சுசுகி 1984-ல் வந்தது, ஆர்எக்ஸ் 100 அடுத்த வருடம். அந்தக் காலத்தில் இருந்து ஜப்பான் எஞ்சின் பிரித்த கை. ஸ்குரூவைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் இழுப்பறையைத் திறந்து, பிடி கறுத்துப்போன ஒரு டிரைவரை எடுத்து நீட்டினார். "வண்டியோட வந்த டூல்கிட்டுல உள்ளது. கார்பரேட்டர் ஸ்குரூவுக்கு இதுதான் நிக்கும். சாயங்காலம் திருப்பிக் குடுத்துறணும்." வண்டியின் ஸ்குரூவில் வைத்ததும், பூட்டில் சாவி போய் உட்கார்ந்த மாதிரி அசையாமல் நின்றது. நாற்பது வருடமாக இறுகிய ஸ்குரூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. இரண்டே இரண்டு மட்டும் வரவில்லை. சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் ஐந்தாறு நொடி வைத்தேன். சூடு இறங்கிப் பிளாஸ்டிக் பிடி லேசாக இளகியதும் அவையும் வந்தன. அதிக நேரம் வைத்தால் மரையே உருகிவிடும், கவனம்.

கியர் பெட்டிக்குள் கிரீஸ் மெழுகாகியிருந்தது, தேன் நிறத்தில், நகத்தால் சுரண்டி எடுக்கிற அளவுக்குக் கெட்டி. சக்கரம் சுற்றாததற்கு அது ஒரு காரணம். பட்டறைப் பழக்கத்தில் கை மண்ணெண்ணெய் டப்பாவுக்குத்தான் போகும். போகக்கூடாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில், அதுவும் பழசாகி இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில், எண்ணெய்ச் சரக்கு பட்டால் ஸ்குரூத் துளையைச் சுற்றி முடி போல வெடிப்பு விடலாம். பாத்திரம் விளக்கும் லிக்விட், கை பொறுக்கும் வெந்நீர், பிரஷ். மூன்று முறை கழுவியதும் பற்கள் தெரிந்தன. ஒரு பல்கூட முறியவில்லை. இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் குட்டிக் கூம்புப் பற்சக்கரங்கள் நம் லாரி டிஃபரன்ஷியலில் இருப்பதைப் போலவே வேலை செய்கின்றன. ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தைச் சுற்றிக்காட்டினால் எங்கள் கடைப் பையன் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு அச்சுகளை மட்டும் தனியாக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். அச்சு சுற்றும் இடத்தில் இருந்த புஷ்களை எடுத்துவிட்டு, உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11, கனம் 4 மில்லிமீட்டர் பேரிங் போட்டேன். இது ஒன்றுதான் அவசியம் இல்லாமல் நானாகச் செய்த மாற்றம். புழுதியில் ஓடப்போகிற வண்டி, தேய்மானம் குறையட்டும் என்று.

மோட்டார் என் தொழில், அதனால் அதைக் கடைசிவரை ஆசையோடு வைத்திருந்தேன். 540 என்பது உருண்டையான வெள்ளிநிற டப்பா, விட்டம் சுமார் 36, நீளம் 50 மில்லிமீட்டர். உள்ளே இரண்டு காந்தம், மூன்று துருவ ஆர்மேச்சர், இரண்டு கார்பன் பிரஷ். நான் தினமும் கட்டும் தண்ணீர் மோட்டாரோடு பார்த்தால் குருவிக்கூடு மாதிரி. இந்த வண்டிக்காரர்கள் மோட்டாரைச் சுற்று எண்ணிக்கையை வைத்துத்தான் பேசுவார்கள். சுற்று குறைந்தால் வேகம் ஏறும், கரண்டும் ஏறும். காயில் கட்டுகிறவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தண்டு இறுகியிருந்தது. இரண்டு முனைப் புஷ்ஷிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் விரலால் திருப்பினால் காந்தம் பிடித்துப் பிடித்து விடுவது தெரிந்தது. அந்தத் தட்டல் சீராக இருந்தால் பாதி நிம்மதி. ஒரு டார்ச் செல்லைத் தொட்டேன், சுற்றியது. இரண்டு செல் போட்டு 3 வோல்ட்டில் அரைமணி நேரம் மெதுவாக ஓடவிட்டேன். பிரஷ் உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தாலும், பிரஷ்ஷே தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளும். முதலில் கரகரவென்ற சத்தம், பத்து நிமிடத்தில் அது இறங்கி ஒரே சுருதியில் நின்றது. 7.2 வோல்ட்டில் சுமை இல்லாமல் இரண்டரை ஆம்பியர் அளவில் இழுத்தது. நல்ல மோட்டார். காயிலைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

இனி வேகக் கட்டுப்பாட்டுத் தகடு. இன்றைக்கு எல்லாம் எலக்ட்ரானிக். அன்றைக்கு, ரிமோட் குச்சிக்கு ஏற்பத் திரும்பும் ஒரு சர்வோ மோட்டார், ஒரு ராடு மூலம் உரசும் கை ஒன்றைத் தள்ளும். அந்தக் கை செப்புத் தகடுகள் மேல் நகர்ந்து, மின்தடை வழியாகக் கொஞ்சமாகவோ நேராக முழுதாகவோ பேட்டரியை மோட்டாரோடு சேர்க்கும். நம் பழைய மின்விசிறி ரெகுலேட்டர் போலத்தான். மூன்று வேக நிலை. கடைசி நிலையில்தான் மின்தடை எதுவும் குறுக்கே இல்லாமல் முழு வேகம்.

தகடுகள் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தால் செம்பு தேய்ந்துவிடும். வீட்டில் குத்துவிளக்குக்கு என்ன செய்கிறோம்? ஒரு கொட்டைப் பாக்களவு புளி, ஒரு சிட்டிகை உப்பு. துணியில் தொட்டுத் தேய்த்தேன். களிம்பு கரைந்து செம்பு சிவந்தது. நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதல் தகட்டில் பொறி பறந்த குழிகள், கறுத்த சுவடு. இரண்டாவதில் இன்னும் அதிகம். மூன்றாவது தகட்டில் ஒன்றும் இல்லை. உரசிய கோடுகூட இல்லை, புதுத் தகடு.

முழு வேகத்தில் இந்த வண்டி ஓடவே இல்லையா? சர்வோவைப் பார்த்தேன். அதன் கையில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. ராடு மிக உள்ளே இருக்கும் துளையில் மாட்டியிருந்தது. உள் துளை என்றால் வீச்சு குறைவு. உரசும் கை இரண்டாவது தகட்டோடு நின்றுவிடும், குச்சியை எவ்வளவு தள்ளினாலும் மூன்றாவதைத் தொடாது. அந்தத் துளை தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருந்தது, அத்தனை நாள் அதிலேயே ஓடியிருக்கிறது. சேர்க்கும்போது தப்பாக மாட்டிவிட்டார் என்று நினைக்கவும் முடியவில்லை. ஒயர்களை மெழுகு நூலால் சம இடைவெளியில் கட்டியிருந்த மனிதர் அவர். ஒரு ஸ்குரூகூடக் கோணலாக ஏறியிருக்கவில்லை. காரணம் பிடிபடாமலே ராடை வெளித் துளைக்கு மாற்றினேன். கை மூன்றாவது தகடு வரை போய் நின்றது.

விரிசல் வேலையில் எனக்கு ஒரு தவறு நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அடித்தட்டு ஏபிஎஸ். அதற்கு அசிட்டோன் நல்ல மருந்து. கழித்துப்போட்ட ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஊறப்போட்டால் தோசைமாவுப் பதத்தில் குழம்பாகும். விரிசலை விரித்து உள்ளே தடவி, கவ்வி போட்டு இரண்டு நாள் விட்டால் பசை இல்லாமல் பிளாஸ்டிக்கே பிளாஸ்டிக்கோடு சேரும். உள்பக்கம் ஒரு பட்டையும் அதே குழம்பால் ஒட்டினேன். அந்த இடம் இப்போது மற்ற இடத்தைவிட உறுதி. ஆனால் மேல்கூடு பாலிகார்பனேட். அதற்கு அசிட்டோன் விஷம். பக்கத்தில் வைத்திருந்தேன், பிரஷ்ஷில் இருந்து ஒரு சொட்டு கண்ணாடிப் பகுதியில் விழுந்துவிட்டது. துடைப்பதற்குள் வெள்ளையாகப் பூத்து, மெல்லிய வெடிப்புகள் ஓடிவிட்டன. உளுந்தளவு புள்ளி, ஆனால் போகாது. நாற்பது வருடம் பரண் வெயிலிலும் கரையானிலும் தப்பித்த கூட்டில் என் கையால் விழுந்த வடு. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. கூட்டை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் அசிட்டோன் புட்டியைத் திறக்க வேண்டும்.

மேல்கூட்டு விரிசலுக்குப் பசையே வேண்டாம் என்று அதன் பிறகு முடிவு செய்தேன். விரிசல் முடியும் இடத்தில் ஒரு சின்ன வட்டத் துளை போட்டால் அது மேலும் ஓடாது, முனையில் குவியும் இழுவிசை வட்டத்தில் பரவிவிடும். பிறகு இருபுறமும் ஊசித் துளைகள் போட்டு, தூண்டில் நரம்பால் தைத்தேன். நைலான் நரம்பு, குறுக்குத் தையல், பத்துத் தையல். கறுப்புக் கூட்டில் வெள்ளைத் தையல் தெரிகிறது. தெரியட்டும்.

ரேடியோவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் குச்சி ரிமோட்டும் ரிசீவரும் வாங்கினேன். இதில் கிறிஸ்டல் தொல்லை இல்லை, சிக்னல் அறுந்தால் சர்வோவைத் தானே நடுநிலைக்குக் கொண்டுவரும்படி அமைத்துக்கொள்ளலாம். பழைய தகட்டு முறையில் இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் சிக்னல் போகும்போது எந்த வேகத்தில் இருந்ததோ அதே வேகத்தில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சர்வோக்கள் இரண்டும் உயிரோடு இருந்தன. ஆனால் அவற்றின் ஒயர் வரிசை இன்றைய ரிசீவரோடு ஒத்துப்போகவில்லை. பிளக் நுழைகிறதே என்று சொருகிவிடாமல், பாசிட்டிவ் நடுவில் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து மாற்றிக் கட்டினேன். ரிசீவருக்கு 5 வோல்ட் தரும் ஒரு சின்ன யுபெக் பலகையைப் பேட்டரியில் இருந்து இழுத்தேன்.

பழைய நிக்கல்-காட்மியம் கட்டு செத்தே போயிருந்தது. காட்மியம் நச்சு, குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது. மின்னணுக் கழிவு எடுக்கிறவரிடம் கொடுத்தேன். அதே வடிவத்தில் ஆறு செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு, 3000 மில்லி ஆம்பியர்-மணி. லித்தியம் போட்டால் எடை குறையும், ஆனால் இந்தத் தகட்டு முறையில் வோல்டேஜ் இறங்கும்போது நிறுத்த எதுவும் இல்லை. லித்தியம் செல்லை அடிவரை வடிய விட்டால் கெட்டுப்போகும், ஆபத்தும்கூட. டயர்கள் மட்டும் சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் கொண்டுவந்தார். மறுவெளியீடு வந்ததால் கிடைத்த நன்மை இது, புது டயர் பழைய வீலில் அப்படியே உட்கார்ந்தது. சிங்கப்பூரில் இருந்து வந்த வண்டிக்குச் சிங்கப்பூரில் இருந்தே செருப்பு வந்த மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம்.

முதல் ஓட்டம் நரசிங்கம் பக்கம், யானைமலை அடிவாரத்தில் ஒரு காலி இடத்தில். குச்சியை மெதுவாகத் தள்ளினேன், நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் முன்சக்கரங்கள் ஜன்னி வந்தது போல நடுங்கின. நிறுத்தினால் நடுக்கம் இல்லை, ஓடினால் வருகிறது. மோட்டார் பிரஷ் பொறியால் வரும் இரைச்சல் என்று உடனே புரிந்தது. இந்த மோட்டார்களில் அதை அடக்க மின்தேக்கிகள் பற்றவைத்திருப்பார்கள். சுத்தம் செய்யும்போது ஒன்றின் கால் அறுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கடைக்குத் திரும்பி, 104 என்று எண் போட்ட செராமிக் மின்தேக்கி மூன்று எடுத்தேன். ஒன்று இரு முனைகளுக்கும் குறுக்கே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையில் இருந்து டப்பாவின் உடம்புக்கு. டப்பாவில் பற்றவைக்கும் இடத்தை அரம் வைத்துச் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். சில ரூபாய்ச் சாமான். நடுக்கம் போய்விட்டது.

மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் வைகாசியில் வறண்டு கிடக்கும். டீச்சருக்குப் போன் செய்துவிட்டு ஒரு மாலையில் போனேன். விடுமுறைக்கு வந்திருந்த மகள்வழிப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கரையில் புளியமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

உள்ளே கரம்பை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. சுற்றிலும் சீமைக்கருவேல முள். இந்த டயருக்குள் டியூபும் இல்லை, அடைத்த காற்றும் இல்லை, முள் குத்தினாலும் பிடுங்கிவிட்டு ஓட்டலாம். வெடிப்பின் மேல் போகும்போது வண்டியின் பின்பாகம் துள்ளியது. ஹார்னெட்டின் குணம் அது. மோட்டாரும் கியர் பெட்டியும் சேர்ந்தே மேலும் கீழும் ஆடும்படி பின் சஸ்பென்ஷன் அமைந்திருக்கிறது, அவ்வளவு எடை ஒன்றாக எம்பினால் துள்ளத்தான் செய்யும். நேராகப் பிடித்து ஓட்டக் கை பழக வேண்டும். கண்மாய் நடுவில் மாட்டுவண்டித் தடம் ஒன்று சமமாகக் கிடந்தது. அதில் ஏற்றி, குச்சியை முழுசாகத் தள்ளினேன். மூன்றாவது தகடு தொட்டதும் மோட்டார் சத்தம் ஒரு படி ஏறியது, பின்னால் புழுதி சுவராக எழுந்தது. அந்தப் பெட்டி மூடியில் இருந்த படம் கண் முன்னால்.

திருப்பிக் கொண்டுவந்து கரையடியில் நிறுத்தினேன். டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

"இம்புட்டு வேகமா இது? அவர் ஓட்டுனப்பவும் இப்படிப் போனதே இல்லையே."

மேல்கூட்டைக் கழற்றி, சர்வோ கையில் தேய்ந்திருந்த உள் துளையைக் காட்டினேன். ராடு இதில் மாட்டியிருந்தது, அதனால் முழு வேகம் வரவே வராது, காரணம்தான் எனக்கு விளங்கவில்லை என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பயலுக்கு அப்ப ஏழு வயசு. தெருவுல போறவங்க கால்ல ஏத்திருவான்னு நான்தான் சத்தம் போட்டேன். அன்னைக்கு ராத்திரி இதைப் பிரிச்சு வச்சு என்னமோ பண்ணிக்கிட்டிருந்தாரு." பிறகு சிரித்தார். "இதோட வேகமே இம்புட்டுத்தான்னு அவன்கிட்ட சொல்லியிருந்தாரு தம்பி. இன்னமும் அவன் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருப்பான்."

பேத்தி ரிமோட்டுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றாள். கரையில் மேய்ந்துவிட்டு ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. சட்டைப்பையில் இருந்து டிரைவரை எடுத்து, ராடை வெளித் துளையில் இருந்து கழற்றி அந்த உள் துளையில் மாட்டினேன். கை இரண்டாவது தகட்டோடு நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கூட்டை மூடி, ரிமோட்டை அவளிடம் கொடுத்தேன்.